வகுப்புக்கு முன் வேலையைத் தேடுவோம்

(அடி அண்ணாமலையில் மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று வழிவழியாகச் சொல்லப்படும் ஊர் இது. இங்கே வந்து ஜாவா, பைத்தான் என்று பேசினால் ஆதி அருணாசலேசுவரர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் ஒலிபெருக்கி முன் நிற்கிறேன். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் நடந்து திருவண்ணாமலையில் கிரிவலம் வருபவர்களுக்கு அடி அண்ணாமலை வழியில் கடந்துபோகிற ஊர். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும், படிப்பு முடிந்தால் கடந்துபோயே தீரவேண்டிய ஊராகத்தான் இது இருக்கிறது. செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாக ஒரு பேருந்து பெங்களூருவுக்கு. செஞ்சி, திண்டிவனம் வழியாக இன்னொன்று சென்னைக்கு. 2024 மே மாதம் முதல் சென்னைக் கடற்கரையிலிருந்து நேரடி ரயிலும் வந்துவிட்டது. போவதற்கு வசதி கூடியிருக்கிறது.

'உள்ளூர் இளைஞர்களுக்குத் தகவல் தொழில்நுட்பப் பயிற்சி' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். பயிற்சிக்கு இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, ஐ.டி.ஐ. இருக்கிறது, ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது, தனியார் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. பேருந்து நிலையத்தைச் சுற்றி எத்தனை கம்ப்யூட்டர் சென்டர் பலகைகள் என்று எண்ணிப் பார்த்தால் விரல் போதாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. பயிற்சி முடித்து வெளியே வருகிற பிள்ளையை "வா, உனக்காகத்தான் காத்திருந்தேன்" என்று சொல்ல வாசலில் யாரும் நிற்பதில்லை. வேலை கொடுப்பவரைக் கேட்காமலே பாடத்திட்டம் எழுதுகிறோம், கட்டடம் கட்டுகிறோம், சான்றிதழ் அச்சடிக்கிறோம். அவரை நாம் சந்திப்பது கடைசி நாளில், நேர்முகத் தேர்வில். இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

வரிசை சரியாக இருந்த காலமும் நம்மிடம் உண்டு. இங்குள்ள பெரியவர்கள் பலர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போனவர்கள். ஒரு மாடி, ஒரு கூரை, பத்துப் பன்னிரண்டு ரெமிங்டன் இயந்திரங்கள், தடதடவென்ற சத்தம். அங்கே என்ன கற்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஆங்கிலத்தில் லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45. தேர்வை நடத்தியது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். அந்தத் தகுதியைக் கேட்டது அரசு அலுவலகம், வங்கி, வக்கீல் ஆபீஸ். வேலை கொடுப்பவர் என்ன எதிர்பார்க்கிறாரோ அதை அப்படியே அளந்தது தேர்வு. அந்தத் தேர்வுக்கு அப்படியே தயார் செய்தது வகுப்பு. நடுவில் இடைவெளி இல்லை. இன்றும் அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்குப் போகிறவருக்கு அந்த ஹையர் சான்றிதழ் உதவுகிறது. கூடவே அலுவலகக் கணினிப் பயன்பாட்டுச் சான்றிதழும் கேட்கிறார்கள். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அரசு வேலைக்குள் நுழைந்த வாசல் அது. நவீனமான பெயர் எதுவும் இல்லாததால் நாம் அதைப் பாராட்டுவதில்லை.

கணினி வந்ததும் அந்த நேர்கோடு அறுந்தது. 1998, 99-ல் 2000-ஆம் ஆண்டுச் சிக்கல் என்று ஒன்று கிளம்பியது நினைவிருக்கும். பழைய நிரல்களில் ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதியிருந்ததால் அவற்றைத் திருத்த கோபால் (COBOL) என்ற நிரல்மொழி தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். ஊரெங்கும் கோபால் வகுப்பு. நகையை அடகு வைத்துச் சேர்ந்தவர்கள் உண்டு. 2000 ஜனவரி பிறந்ததும் அந்த வேலை முடிந்துபோனது. அந்த ஆண்டிலேயே அமெரிக்க இணைய நிறுவனங்கள் சரியத் தொடங்க, புதிதாக ஆள் எடுப்பதும் சுருங்கியது.

இந்த ஏற்ற இறக்கம் நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. ஹார்வர்டு பொருளியலாளர் ரிச்சர்ட் ஃப்ரீமன் 1976-லேயே அமெரிக்கப் பொறியாளர் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சம்பளம் ஏறுகிற ஆண்டில் மாணவர்கள் குவிகிறார்கள், நான்கு ஆண்டு கழித்து அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியே வருகிறார்கள், சம்பளம் இறங்குகிறது, அடுத்த அணி பயந்து வேறு படிப்புக்குப் போகிறது, பிறகு பற்றாக்குறை. தக்காளி விலை நூறைத் தாண்டியதைப் பார்த்து எல்லாரும் நாற்று விட்டால் என்ன ஆகும் என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தக்காளியாவது மூன்று மாதத்தில் முடிந்துவிடும். பொறியியலுக்கு நான்கு வருடம்.

அண்மைக் கணக்கையே பாருங்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ். என்ற ஒரே நிறுவனம் ஒரு லட்சம் புதியவர்களை எடுத்தது. அதைக் கேட்டுத் தன் பிள்ளையைக் கணினிப் பொறியியலில் சேர்த்த தகப்பனார் தவறாக யோசித்தார் என்று சொல்ல முடியுமா? 2021-ல் சேர்ந்த அந்தப் பிள்ளை 2025-ல் வெளியே வந்தது. அந்த ஜூலை மாதம் அதே நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. குறைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நடுநிலை, மேல்நிலைப் பணியாளர்கள்தாம்; ஆனாலும் அனுபவசாலிகளையே அனுப்புகிற ஆண்டில் புதியவருக்கு அங்கே என்ன வரவேற்பு இருக்கும்? இதற்கிடையில் 2024-25 முதல் பொறியியல் கல்லூரிகளில் ஒரு பாடப்பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பையும் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. நீக்கிவிட்டது. பல கல்லூரிகள் மெக்கானிக்கல், சிவில் இடங்களைக் குறைத்துக் கணினி இடங்களைக் கூட்டின. அந்த அணி 2028-ல் வெளியே வரும். அன்றைக்கு என்ன தேவை இருக்கும் என்று இன்று அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். அவர் ஏதோ கோர்ஸ் விற்கிறார்.

தேவையை நான்கு ஆண்டு முன்பே கணிக்க முடியாது என்றால் என்ன செய்வது? வேலை கொடுப்பவரை வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்து உட்கார வைப்பதுதான் வழி. தமிழ்நாட்டிலேயே அதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் 1996-ல் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான அட்வென்ட்நெட்தான் 2009-ல் சோஹோ என்று பெயர் மாறியது. அந்த நிறுவனம் 2005-ல் ஒரு விசித்திரமான காரியம் செய்தது. கல்லூரிகளுக்குப் போய் ஆள் எடுப்பதோடு நிற்காமல், பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளைத் தேடி எடுத்து, அவர்களுக்கென்று தானே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. குடும்ப நிலையால் கல்லூரிக்குப் போக முடியாதவர்கள் அதில் நிறைய. முதல் அணியில் ஆறே மாணவர்கள். சொல்லிக்கொடுக்க இரண்டு பேர். சோஹோவைச் சேர்ந்த ராஜேந்திரன் தண்டபாணி அந்தப் பள்ளியை வளர்த்தெடுத்தார். கட்டணம் கிடையாது, படிக்கிற காலத்தில் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. பாடம் என்ன? ஆங்கிலம், கணிதம், நிரல் எழுதுதல். பிறகு நிறுவனத்தின் குழுக்களிலேயே உட்கார்ந்து வேலை பழகுதல். இரண்டு ஆண்டு முடிவில் பட்டம் எதுவும் தருவதில்லை. வேலை தருகிறார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது அவர்களுடைய பெருந்தன்மையை இல்லை, கணக்கை. மாணவனுக்குச் செலவழிப்பது நிறுவனம். அவனுக்கு வேலை கைவராவிட்டால் நட்டமும் நிறுவனத்துக்கே. ஆகவே பயனில்லாத பாடத்தை ஒரு பருவத்துக்கு மேல் அவர்களால் வைத்துக்கொண்டிருக்க முடியாது. நம் கம்ப்யூட்டர் சென்டரில் கணக்கு நேர்மாறு. கட்டணம் முதல் நாளே கைக்கு வந்துவிடுகிறது. பிள்ளைக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சென்டருக்கு ஒன்றுதான். பழைய பாடத்தையே இருபது வருடம் நடத்தினாலும் யாருக்கும் வலிக்காது, படித்தவனைத் தவிர.

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறைக்கு சோஹோ போன விதமும் பார்க்கத் தக்கது. 2011-ல் முதலில் சிறிய அளவில் ஓர் அலுவலகம் வந்தது. பயிற்சிப் பள்ளி பிறகே வந்தது. அந்தக் கிராமத்துப் பிள்ளை தினமும் சாலையில் போகும்போது வேலை நடக்கிற இடத்தைக் கண்ணால் பார்க்கிறது.

இந்த முறைக்கும் குறை உண்டு. ஒரு நிறுவனத்துக்கென்றே பழகிய கை வேறு இடத்துக்குப் போகும்போது, பட்டம் எங்கே என்று கேட்பார்கள். வெளி முதலீட்டாளருக்குப் பதில் சொல்ல வேண்டாத, சொந்த லாபத்தில் நடக்கிற நிறுவனம் என்பதால் இவ்வளவு பொறுமை முடிந்தது என்பதும் உண்மை. எச்.சி.எல். நிறுவனம் 2017 முதல் நடத்தும் டெக்பீ திட்டம் வேறு வகை: பன்னிரண்டில் கணிதம் படித்தவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி, பிறகு வேலை, வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பட்டம். அதில் கட்டணம் உண்டு. தொடக்கச் சம்பளம் பெரிதில்லை. ஆனாலும் வேலை முன்னே, பட்டம் பின்னே என்ற வரிசை அங்கும் இருக்கிறது.

தோற்றுப்போனதையும் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான் சொன்னவன் ஆவேன். பக்கத்து மாவட்டம் கிருஷ்ணகிரியில் சந்தோஷ் பாபு ஆட்சியராக இருந்த காலத்தில் ஃபாஸ்டெரா என்ற கிராமப்புற பி.பி.ஓ. (வெளி நிறுவனங்களின் அலுவலக வேலையைச் செய்து தரும் மையம்) முயற்சி தொடங்கியது. கிராமத்துப் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஆங்கிலமும் கணினியும் சொல்லிக்கொடுத்து, ஊரிலேயே தரவு உள்ளீட்டு வேலை கொடுப்பது நோக்கம். ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆதரவில் வளர்ந்த தேசிக்ரூ நிறுவனம் திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடியில் மையம் வைத்தது. 2010-ல் தமிழ்நாடு அரசு கிராமப்புற பி.பி.ஓ.வுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. மத்திய அரசும் பின்னாளில் சிறு நகரங்களில் 48,300 இருக்கைகள் என்ற இலக்கோடு 493 கோடி ரூபாயில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. நல்ல எண்ணம், நல்ல மனிதர்கள். அப்படியும் ஊருக்கு ஊர் பி.பி.ஓ. என்ற கனவு ஏன் பரவவில்லை?

மின்சாரம் ஒரு காரணம். 2012-ல் சென்னையைத் தாண்டிய தமிழ்நாடு எத்தனை மணிநேரம் இருட்டில் கிடந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி தரவு உள்ளிட்டால் கூலி கட்டுமா? ஆனால் அதைவிடப் பெரிய காரணம், வேலை எங்கோ தொலைவிலிருந்து வந்தது. ஒப்பந்தம் கொடுப்பவர் மும்பையிலோ லண்டனிலோ இருந்தார்; அவருக்கு நம் ஊர் வெறும் மலிவான நாற்காலி. இன்னும் மலிவான நாற்காலி கிடைத்தால், அல்லது அந்த வேலையை ஒரு மென்பொருளே செய்துவிட்டால், ஒப்பந்தம் போய்விடும். காகிதத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் வேலையை இன்று இயந்திரம் செய்கிறது. கைத்திறனை மட்டும் கற்றுக்கொடுத்து, அந்த வேலையின் பொருளைக் கற்றுக்கொடுக்காமல் விட்ட மையங்களுக்கு அது மரண அடி. நிலைத்து நின்றவர்கள் படத்திலும் ஒலியிலும் குறியிட்டு செயற்கை நுண்ணறிவுக்குத் தரவு தயாரிக்கும் வேலை, காப்பீட்டு ஆவணச் சரிபார்ப்பு என்று மாறிக்கொண்டார்கள்.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. அதற்கும் கணினிக்கும் சம்பந்தமில்லை. செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் காலணித் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் பெண்களை வேலைக்கு எடுத்தன. அவர்கள் யாரும் காலணியில் டிப்ளமோ படித்துவிட்டுப் போகவில்லை. உள்ளே போய்த்தான் பழகினார்கள். கிராமத்துக்கே கம்பெனி பஸ் வந்தது. என்னைக் கேட்டால் அந்த பஸ்தான் பாடத்திட்டத்தைவிட முக்கியம். சாயங்கால வகுப்பு விட்டு இரவு எட்டு மணிக்கு ஒரு பெண்பிள்ளை தனியாகப் பேருந்துக்கு நிற்க வேண்டுமென்றால், நீங்கள் இலவசமாக எத்தனை மென்பொருள் கற்றுக்கொடுத்தாலும் மூன்றாம் வாரம் அவள் வரமாட்டாள். பயிற்சித் திட்ட அறிக்கைகளில் இதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' பயிற்சித் திட்டம் பற்றிக் கேட்பீர்கள். மு.க. ஸ்டாலின் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிவைத்தது. ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்கள் என்பது இலக்கு. அரசு கலைக் கல்லூரி மாணவிக்கும் பெரிய நிறுவனங்களின் பாடம் பாடத்திட்டத்துக்குள்ளேயே வந்தது பெரிய முன்னேற்றம். இதற்கு முன் அது நகரத்துத் தனியார் கல்லூரிகளின் சலுகை. எனக்குள்ள மனத்தாங்கல் ஒன்றுதான். முடித்தவர்களின் தலையை எண்ணுகிறோம். அவர்களில் ஓராண்டு கழித்தும் அதே துறையில் வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதைக் கல்லூரிவாரியாக, பாடவாரியாக நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். ஒட்டினால் எந்தப் பாடத்தை நிறுத்த வேண்டும், எதைக் கூட்ட வேண்டும் என்பது தானாகவே தெரியும்.

நேர்முகத் தேர்வுகளில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் நிரல் எழுதுவதில் தோற்பதைவிட, எழுதியதை விளக்குவதில்தான் அதிகம் தோற்கிறார்கள். "இந்த நிரல் ஏன் நின்றுபோனது? வாடிக்கையாளருக்கு நாலு வரியில் மின்னஞ்சல் எழுது" என்றால் பேனா நகராது. தமிழ் வழியில் படித்தது இதற்குக் குற்றவாளி இல்லை. தமிழில் எழுதச் சொன்னாலும் நாலு வரி வருவதில்லையே! வினாவுக்கு விடையை மனப்பாடம் செய்து பழகியவர்களிடம், சொந்தமாக ஒரு பத்தி எழுதச் சொல்லி யாரும் கேட்டதே இல்லை. இப்போது செயற்கை நுண்ணறிவே நிரலின் பாதியை எழுதிக் கொடுக்கிறது. அது எழுதியது சரியா தவறா என்று படித்துப் பார்த்துச் சொல்பவருக்குத்தான் இனி வேலை. ஆறு மாத ஜாவா வகுப்புக்கு முன் மூன்று மாதம் படிக்கவும் எழுதவும் வைத்தால் போதும், வேலை கிடைக்கும் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

திருவண்ணாமலைக்கும் மினி டைடல் என்ற ஐ.டி. பூங்கா வரும் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. முன்மாதிரி பக்கத்திலேயே உள்ளது: விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 31 கோடி ரூபாயில், 63,000 சதுர அடியில் கட்டி 2024 பிப்ரவரி 17 அன்று திறந்தார்கள். நல்லது, வரட்டும். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் வரப்போகும் நிறுவனம் எது, அதற்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்பதைக் கட்டடம் எழும்பும்போதே கேட்டு, நம் கல்லூரிகளின் கடைசி ஆண்டு மாணவர்களை அதற்குத் தயார் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே உட்காருபவர்கள் வெளியூர்க்காரர்களாக இருப்பார்கள். நம் பிள்ளைகளுக்குக் காவலும் துப்புரவும் மிஞ்சும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இந்த ஊரிலேயே தேவை இருக்கிறது. அதை நாம் ஐ.டி. என்று மதிப்பதில்லை, அவ்வளவுதான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு டேலி கணக்கு மென்பொருள் தெரிந்த, கணக்கைப் பிழையில்லாமல் தாக்கல் செய்யத் தெரிந்த ஆள் கிடைக்காமல் ஆடிட்டர் அலுவலகங்கள் திண்டாடுகின்றன. கிரிவலப் பாதையில் புதிது புதிதாக லாட்ஜ் எழும்புகிறது. அறை முன்பதிவை நிர்வகிக்க, வெளிநாட்டு விருந்தினருக்குப் பதில் எழுத ஆள் வேண்டும். மருத்துவமனையில் காப்பீட்டுக் கோரிக்கைக்கு ஆள் வேண்டும். ஆரணிப் பட்டை நெசவாளரே நேராக விற்க வேண்டுமென்றால் படம் எடுத்து, விலை போட்டு, இணையத்தில் ஏற்றித் தரும் கை வேண்டும். சம்பளம் பெங்களூரு அளவுக்கு வராது. வாடகையும் மெஸ் பில்லும் இல்லை என்பதையும் கணக்கில் எழுதுங்கள். இங்கே இரண்டு வருடம் உண்மையான வேலை பார்த்தவர், வெறும் சான்றிதழோடு போகிறவரைவிட வலுவாகப் பெங்களூரு போகலாம்.

இதற்குச் சட்டமே துணை நிற்கிறது. 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். நான்கு பேர் வைத்திருக்கும் சிறு நிறுவனமும் விரும்பினால் எடுக்கலாம். கலை, அறிவியல் பட்டதாரிகளுக்கும் இது பொருந்தும். உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கிறது. நம் ஊர் மருத்துவமனைகளும் பள்ளிகளும் அரிசி ஆலைகளும் ஆளுக்கு இரண்டு பழகுநர்களை எடுத்தால், எந்தப் புதிய கட்டடமும் இல்லாமல் ஒரு பயிற்சிப் பள்ளி நடக்கத் தொடங்கிவிடும். மேலே படிக்க விரும்புகிறவர்களுக்கு, ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் பட்டம் இருக்கிறது, ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுத வேண்டாம், இடையில் நிறுத்தினாலும் அதுவரை படித்ததற்குச் சான்று உண்டு.

பௌர்ணமிக்கு மட்டும் ஊருக்கு வந்துபோகும் சென்னை, பெங்களூரு அண்ணன்மார்களே, அக்காமார்களே! உங்கள் அலுவலகத்தில் போன வருடம் புதிதாக எடுத்தவர்களிடம் என்ன கேட்டார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி இந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்கொடையாக நீங்கள் தருகிற மின்விசிறியைவிட அது அதிகம் பயன்படும்.

பெற்றோர்களே, எந்தப் பயிற்சி மையத்திலும் பணம் கட்டுவதற்கு முன், போன வருடம் அங்கே படித்தவர்களில் யார் எந்த நிறுவனத்தில் என்ன சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.